'ஃபிளாஸ் பண்றேன் டாக்டர்'

"ஃபிளாஸ் பண்றீங்களா?" என்று நோயாளியிடம் கேட்பதை நான் நிறுத்தி ரொம்ப நாளாகிறது. ஃபிளாஸ் என்றால் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூல். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து வைத்திருக்க, முகத்துக்கு நேரே விளக்கு எரிய, மாஸ்க் போட்ட ஒருத்தி மேலிருந்து பார்த்துக்கொண்டு கேட்டால் யாருக்குத்தான் இல்லை என்று சொல்ல மனசு வரும்? "பண்றேன் டாக்டர், எப்பவாச்சும் மறந்துரும்" என்பார்கள். ஈறைப் பார்த்தால் கடைவாய்ப் பல்லிடுக்கு ஒவ்வொன்றும் சிவந்து உப்பியிருக்கும், கருவியை வைத்த மாத்திரத்தில் ரத்தம் கசியும். இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றுதான் எங்கள் தொழிலில் பொதுவாகப் பேசிக்கொள்வோம். பாதிப் பேர் விஷயத்தில் அது அநியாயம். அவர்கள் நிஜமாகவே செய்கிறார்கள். அதாவது நூலை எடுத்து, இரண்டு பல்லுக்கு நடுவில் டக்கென்று இறக்கி, மாட்டியிருந்த கீரைத் துணுக்கையோ மாம்பழ நாரையோ வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல்லின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் படலம் அப்படியே இருக்கும். அது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் உறுத்தாது. சொத்தையையும் ஈறு நோயையும் தொடங்கி வைப்பது அதுதான்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு வாட்ஸ்அப் செய்தி. ஸ்கேலிங் (பல்லில் கெட்டியாகப் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது) முடித்துப் போன ஒருவர், மென்பொருள் துறைக்காரர், அன்று இரவே ஒரு பழைய செய்தியை எனக்கு ஃபார்வர்ட் செய்தார். ஃபிளாஸால் பயன் உண்டு என்பதற்கு ஆதாரமே இல்லையாம், அமெரிக்க அரசே கைவிட்டுவிட்டதாம். கூடவே, "அப்புறம் எதுக்கு டாக்டர் என்னை வாங்கச் சொன்னீங்க, இதெல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம்தானே?" என்று ஒரு வரி, பக்கத்தில் சிரிக்கும் பொம்மை. பதில் எழுத ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனது. அழித்துவிட்டு "நேர்ல பேசலாம் சார்" என்று அனுப்பினேன். மனதுக்குள் மட்டும் அந்தப் பதில் முடியவே இல்லை.

முதலில் அவர் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். செய்தி பொய்யில்லை. அமெரிக்க அரசு 1979 முதல் ஃபிளாஸைப் பரிந்துரைத்து வந்தது. 2015இன் உணவு வழிகாட்டியில் அந்த வரி காணாமல் போயிருந்தது. ஏன் என்று துருவிய அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், 25 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, ஆதாரம் பலவீனமானது என்று 2016 ஆகஸ்டில் எழுதியது. அதற்குப் பிறகு, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பிடமிருந்து 2019இல் வந்த தொகுப்பும் பெரிதாகக் கொண்டாடவில்லை. பிரஷோடு நூலையோ பல்லிடுக்கு பிரஷையோ சேர்த்தால் ஈறு வீக்கம் குறையலாம், ஆனால் அப்படிச் சொல்ல வைக்கும் ஆய்வுகளின் தரம் குறைவு என்றுதான் சொன்னது. கம்பெனி வியாபாரம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நியூ ஆர்லியன்ஸ் பல் மருத்துவர் லீவை ஸ்பியர் பார்ம்லி 1819இலேயே, கடையில் ஃபிளாஸ் டப்பா விற்கும் காலத்துக்கு வெகு முன்னால், மெழுகு தடவிய பட்டு நூலைப் பல்லிடுக்கில் விட்டு எடுக்கச் சொல்லி எழுதிவிட்டார். பட்டுக்குப் பதில் நைலான் நல்லது என்று 1940களில் வாதாடியவர் அதே ஊர்க்காரர், சார்லஸ் பாஸ். பல் மருத்துவர்கூட இல்லை, கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்த பொது மருத்துவர். நாங்கள் இன்றைக்கும் பிரஷை 45 டிகிரி சாய்த்துப் பிடிக்கச் சொல்கிறோமே, அந்த 'பாஸ் முறை' அவருடையதுதான்.

இதற்கெல்லாம் நடுவில் யாரும் ஃபார்வர்ட் செய்யாத ஒரு கட்டுரை இருக்கிறது. 2006இல் ஜர்னல் ஆஃப் டென்டல் ரிசர்ச் இதழில் வந்தது. 4 முதல் 13 வயதுவரை உள்ள 808 பிள்ளைகளிடம் நடந்த ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பள்ளி நாள்களில் தினமும் பயிற்சி பெற்ற ஒருவர் வந்து பிள்ளைகளுக்கு ஃபிளாஸ் செய்துவிட்ட இடத்தில், 1.7 ஆண்டுகளில் சொத்தை விழும் அபாயம் 40 சதவீதம் குறைந்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்துவிட்ட இடத்தில் ஒன்றும் குறையவில்லை. பிள்ளைகளையே செய்துகொள்ளச் சொன்ன இடத்திலும் குறையவில்லை. அந்த 40 சதவீதத்தை அப்படியே பெரியவர்களுக்குத் தூக்கிப் போட முடியாது, அது ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். பெரும்பாலும் பால் பற்கள், ஃபுளோரைடு குறைவாகக் கிடைத்த பிள்ளைகள், வீட்டில் பல் பராமரிப்பும் சுமார். இருந்தாலும் எனக்கு இதில் தெரிவது ஒன்றுதான். அங்கேயும் அதே நூல், பிடித்த கைதான் வேறு. நூலைக் குறை சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலானவை நாங்கள் சொல்லிக்கொடுத்த லட்சணத்தைத்தான் அளந்திருக்கின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம், வருஷம் போகப் போக அது வலுத்துக்கொண்டேதான் வருகிறது.

பிளாஸ்டிக் தாடை

எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? எல்லாப் பல் மருத்துவமனையிலும் ஒரு பிளாஸ்டிக் தாடை இருக்கும், நிஜத் தாடையைப் போல மூன்று மடங்கு. அதைக் கையில் எடுத்து, நூலைப் போட்டு, இப்படி இப்படி என்று காட்டிவிட்டு, "புரிஞ்சுதா?" என்போம். புரிந்தது என்பார்கள். முடிந்தது பாடம். அந்தத் தாடைக்கு உதடு இல்லை, கன்னம் இல்லை, ஊறி வழியும் எச்சில் இல்லை, விரல் போன இடமெல்லாம் குறுக்கே வந்து நிற்கும் நாக்கு இல்லை, குமட்டல் இல்லை. ஈறிலிருந்து ரத்தமும் வராது. நோயாளி வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நிற்கும்போது இது எல்லாமே இருக்கும், பிளாஸ்டிக் தாடை மட்டும் இருக்காது.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். கடைவாய்க்கு நூலைக் கொண்டுபோக வேண்டும் என்றால் எல்லாரும் வாயை ஆகாசத்துக்குத் திறப்பார்கள். திறக்கத் திறக்கக் கன்னம் இறுகிக்கொள்ளும், விரல் உள்ளே போக இடமே இருக்காது. பாதி மூடினால் கன்னம் தளர்ந்து விரலுக்கு வழி விடும். "வாயைக் கொஞ்சம் மூடுங்க" என்று சொன்னதும், அவ்வளவு நேரம் முட்டி மோதிக்கொண்டிருந்த விரல் சர்ரென்று பின்பல்லுக்குப் போவதை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். துண்டுப் பிரசுரம் எதிலும் இந்த வரியை நான் படித்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் திணறுவதைப் பார்த்தால்தான் தெரியவரும்.

நூலுக்கு முன்னாலேயே நம் ஆட்கள் கையில் வேறு ஆயுதங்கள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஹோட்டல் கல்லாவில் சோம்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் குச்சி டப்பா. வீட்டில் விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சி. தாலிக்கொடியில் கோத்திருக்கும் ஊக்கு. பேருந்துச் சீட்டை நாலாக மடித்து அதன் முனையால் நோண்டுகிறவரைப் பார்த்திருக்கிறேன். ஊக்கால் குத்திக் குத்தி ஈறில் பள்ளமே விழுந்த பெண்கள் வருவார்கள். அவர்களே நூலை நீட்டினால், "வேண்டாம் டாக்டர், பல்லுல சந்து விழுந்துரும்" என்று பயப்படுவார்கள். இரும்பு ஊக்குக்கு விழாத சந்து நூலுக்கு விழுமாம். சிரிப்பு வந்தாலும் சிரிக்கக் கூடாது. ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்ற பயத்துக்கு அக்கா தங்கச்சிதான் இதுவும். காரை பிடித்து ஈறு கீழே இறங்கியிருக்கும், காரையை எடுத்ததும் அது மறைத்திருந்த இடைவெளி வெளியே தெரியும், பழி சுத்தம் செய்தவர்மேல் வரும். நூலுக்கும் அதே கதிதான்.

பூக்காரம்மா

ஒருநாள் ஒரு பூக்காரம்மா வந்தார். மதுரையில் என் கிளினிக் இருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில் கடை. விடியுமுன்னே மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை எடுத்துவந்து பொழுதுக்கும் கட்டிக்கொண்டிருப்பார். அறுபதை நெருங்கும் வயது, சர்க்கரை உண்டு, கீழ்க் கடைவாயில் சோறு சிக்கி ஈறு வீங்கி வலி. மேலே முன்பல் ஒன்றின் விளிம்பில் சின்னதாக, சீவிவிட்டாற்போல் ஒரு வெட்டு இருந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறவர்களுக்கு வரும் தேய்மானம், தையல்காரர்களிடமும் இதைப் பார்க்கலாம். நூலுக்கும் அந்தப் பல்லுக்கும் நாற்பது வருஷப் பழக்கம்.

சுத்தம் செய்து முடித்துவிட்டு வழக்கம்போல பிளாஸ்டிக் தாடையை எடுத்தேன். நடுவிரலில் சுற்றணும்மா, கட்டைவிரல் ஆள்காட்டி விரல் ரெண்டாலயும் பிடிக்கணும் என்று ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, "நூலக் குடு தாயி. நீயே வச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே இருந்தா எனக்கு எப்படி வரும்?" என்றார்.

கொடுத்தேன். முதலில் விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார். "மெழுகு போட்டிருக்கா?" ஆமாம் என்றேன். நடுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு உதறிவிட்டார். நூல் அறுத்து அறுத்து விரல் நுனியெல்லாம் வெடிப்பு. அதில் இறுக்கிச் சுற்றினால் எரியத்தானே செய்யும். அப்புறம் இரண்டு முனையையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டார். எப்படிப் போட்டார் என்று கேட்காதீர்கள், கையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தெரியவில்லை. நூல் ஒரு வளையமாகிவிட்டது. இரண்டு கையிலும் கட்டைவிரலை மட்டும் வெளியே விட்டு மற்ற விரல்களை உள்ளே கொடுத்து, வளையத்தை விரித்துப் பிடித்து, "இப்பச் சொல்லு" என்றார். இந்த வளைய முறை புத்தகத்திலேயே இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கும் விரல் மூட்டுவலிக்காரர்களுக்கும் என்று போட்டிருக்கும். மற்ற யாருக்கும் யாரும் காட்டுவதில்லை. அவர் தானாகவே அதற்கு வந்து சேர்ந்தார்.

கையில் கண்ணாடியைக் கொடுக்கப் போனேன், உதவியாளரைப் பிடிக்கச் சொல்லிவிட்டார். கீழே முன்பல் இடுக்கில் நூலை வைத்து, முன்னும் பின்னும் இம்மி இம்மியாக நகர்த்தினார். நூல் சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. அந்த 'டக்' வரவே இல்லை. அந்த டக்கில்தான் எல்லாம் கெடும். இறுக்கமான இடத்தைத் தாண்டியதும் நூல் விசையோடு போய் ஈறை வெட்டும், வலிக்கும், அதோடு ஆள் விட்டுவிடுவார். எப்படிம்மா இவ்வளவு பதமா இறக்குறீங்க என்று கேட்டேன். "இறுக்குனா காம்பு அறுந்துரும், தளர்த்துனா பூ உதிர்ந்துரும். நடுவாப்புல பிடிக்கணும்" என்றார். சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் இறக்கி, நிறுத்தி, "இங்கன முட்டுது. நிப்பாட்டவா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் புல்லரித்தது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் ஆரோக்கியமான வாயில்கூட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளம் உண்டு. நூல் அதற்குள் இறங்கி, லேசாக எதிர்ப்புத் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். படிப்பில் இதை ஒரு வரியில் எழுதித் தேர்வில் மார்க் வாங்கியிருக்கிறோம். அந்த எதிர்ப்பை விரலில் உணர்ந்து, நிறுத்தவா என்று கேட்ட நோயாளியை நான் அதுவரை கண்டதில்லை. நான் சொல்லிக்கொடுக்க மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. நூல் நேராக நின்றால் போதாது, இந்தப் பக்கப் பல்லைச் சுற்றி அணைத்துக்கொண்டு மேலும் கீழும் நாலைந்து தடவை தேய்க்க வேண்டும். பிறகு நடுவில் முளைத்து நிற்கும் ஈறைத் தாண்டி அந்தப் பக்கப் பல்லை அணைத்து அதே மாதிரி. ஒரு இடுக்கு என்றால் இரண்டு சுவர், இரண்டையும் தேய்த்தால்தான் கணக்கு. சொன்னதும் செய்தார்.

அவர் போன பிறகு எனக்கு உறுத்தியது வேறு. இந்தம்மாவுக்குப் பிரசுரம் படிக்கத் தெரியாது, ஆகவே கஷ்டப்படுவார் என்று நினைத்துத்தான் தாடையை எடுத்து நிதானமாகப் பாடம் நடத்த ஆரம்பித்தேன். படித்தவர்கள் வந்தால் "யூட்யூப்ல வீடியோ இருக்கு, பாத்துக்கோங்க" என்று அனுப்பிவிடுவதுதான் வழக்கம், என்னிடம் மட்டுமில்லை, எல்லா இடத்திலும். நிஜத்தில் பூக்கட்டுகிறவர், தையல்காரர், மோட்டார் காயில் கட்டுகிறவர், இவர்களுக்கெல்லாம் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுகிறது. நூலை இழுத்தால் எவ்வளவு இறுகும் என்பது விரலுக்கு ஏற்கெனவே தெரியும். திணறுகிறவர்கள் பெரும்பாலும் கணினி முன் உட்காருகிறவர்கள், பேராசிரியர்கள், வங்கிக்காரர்கள். ஆய்வெல்லாம் படித்திருப்பார்கள், நூல் விரலை விட்டு நழுவிக்கொண்டே இருக்கும். அவர்களுக்குத்தான் பக்கத்தில் ஆள் உட்கார வேண்டியிருக்கிறது. கோலப் புத்தகத்தைப் படித்து யாரும் கோலம் போடப் பழகியதில்லை, எத்தனை டிகிரி வாங்கியிருந்தாலும்.

இப்போது என் கிளினிக்கில் தாடை அலமாரியில்தான் இருக்கிறது. நோயாளியை எழுப்பி நேராக உட்கார வைத்து, கையில் 45 சென்டிமீட்டர் நூல், எதிரே கண்ணாடி. முதல் நாள் ஒரே ஒரு இடுக்கு, அதுவும் முன்பல்லில், கண்ணால் பார்க்க முடிகிற இடத்தில். இருபத்தெட்டுப் பல்லையும் ஒரே நாளில் செய்யச் சொன்னால் மூன்றாம் நாள் நூல் டப்பா அலமாரி மூலைக்குப் போய்விடும். ஒரு இடுக்கு சரியாக வந்துவிட்டால் அடுத்த வருகையில் அதற்குப் பின்னால் போகலாம். வேர் சிகிச்சைக்கு வருகிறவர்கள் எப்படியும் இரண்டு மூன்று தடவை வருவார்கள், அவர்கள்தான் எனக்கு நல்ல மாணவர்கள். எக்ஸ்ரேயில் அவர்கள் பல்லையே காட்டலாம்: சொத்தை தொடங்கிய இடம் இரண்டு பல்லும் ஒட்டி நிற்கிற புள்ளிக்குக் கொஞ்சம் கீழே, பிரஷின் நார் போகவே முடியாத இடம், பக்கத்துப் பல்லிலும் அதே உயரத்தில் ஒரு நிழல் விழ ஆரம்பித்திருக்கும். வலியை அனுபவித்த ஆளுக்கு அந்த நிழல் புரியும்.

அதற்கும் மசியாதவர்களுக்கு ஒரு கடைசி அஸ்திரம் உண்டு. கடைவாய் இடுக்கில் நூலை விட்டு எடுத்து மோந்து பார்க்கச் சொல்வேன். முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். நாகரிகமில்லாத வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் "பிளாக் என்பது பாக்டீரியாக்களின் படலம்" என்று நான் சொல்லும் எந்த வாக்கியமும் அந்த ஒரு மோப்பத்துக்கு ஈடாவதில்லை.

நேரம் இல்லை என்பவர்களிடம் நான் வாஷ்பேசினைத் தேடாதீர்கள் என்கிறேன். இதற்குத் தண்ணீர் வேண்டாம், நின்றுகொண்டிருக்கவும் வேண்டாம். டப்பாவை டிவி ரிமோட் பக்கத்தில் வைத்துவிட்டால் சீரியல் ஓடும்போதே வேலை முடியும், அப்புறம் போய்ப் பல் விளக்கிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். முதலில் நூல், பிறகு பிரஷ் என்ற வரிசைக்கும் கொஞ்சம் ஆதாரம் உண்டு. ஈரானின் மஷ்ஹத்தில் பல் மருத்துவ மாணவர்கள் 25 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018இல் வந்தது, நூலை முன்னால் விட்டவர்களுக்கு இடுக்கில் படலம் குறைந்திருந்தது. சின்ன ஆய்வுதான், அதற்காக வரிசை மாறினால் சண்டைக்குப் போக மாட்டேன். செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 50 மீட்டர் சுருள் ஒன்று வாங்கினால், தினம் 45 சென்டிமீட்டர் என்று வைத்தாலும், ஒரு ஆளுக்கு நூறு நாளுக்கு மேல் வரும்.

ரத்தம்

எல்லாம் சரியாகச் சொல்லிக்கொடுத்தாலும் நான்காம் நாள் ஒரு ஃபோன் வரும். "டாக்டர், ரத்தம் வருது, நிறுத்திட்டேன்." ஃபிளாஸ் பழக்கம் சாகும் இடம் இதுதான் என்பது என் கணிப்பு. ரத்தம் என்றால் காயம், காயம் என்றால் கை வைக்கக் கூடாது என்பதுதானே நம் எல்லாருடைய புத்தியும். ஆனால் அந்த ஈறு ஏற்கெனவே வீங்கியிருக்கிறது. அதனால்தான் நூல் பட்டதும் கசிகிறது. நிறுத்தினால் வீக்கம் அப்படியே இருக்கும்.

இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன், அதுவும் ஒரு கதையோடு. 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரர் தலைமையில் ஒரு சோதனை நடந்தது. நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் விளக்குவதையே நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. திரும்பச் சுத்தம் செய்ய ஆரம்பித்ததும் ஒரு வாரம் போல ஆனதும் சரியாகிவிட்டது. ஆகவே ரத்தம் வந்தால் பதமாக, விடாமல் தொடருங்கள், ஒன்றிரண்டு வாரத்தில் குறையும் என்பேன். அப்படியும் குறையவில்லை என்றால் திரும்பி வர வேண்டும். நூல் எட்டாத ஆழத்தில் காரை இருக்கலாம், சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் இருக்கலாம், போட்டிருக்கும் உறை பொருந்தாமல் இருக்கலாம். பூக்காரம்மாவுக்கும் அப்படித்தான் இரண்டாம் தடவை உள்ளே ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அதற்கப்புறம் கசிவு நின்றது.

லோவின் பெயர் வந்ததால் இன்னொன்று. "எங்க தாத்தா ஃபிளாஸா பண்ணாரு? எண்பது வயசுல கரும்பு கடிச்சாரு" என்று ஒருவராவது சொல்லாமல் எனக்கு மாதம் கழிவதில்லை. ஆலும் வேலும் என்று பழமொழியையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். அந்தத் தாத்தாவை நான் சந்தேகிக்கவில்லை. லோவும் அவருடைய குழுவும் 1970இல் தொடங்கி, இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேரின் வாயை 15 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். பிரஷ், பேஸ்ட், பல் மருத்துவர் எதுவுமே எட்டாத மனிதர்கள், நம் மொழி பேசும் மலையகத்துக்காரர்கள். எல்லார் வாயிலும் படலமும் காரையும் ஏராளம். ஆனால் 1986இல் வெளியான முடிவின்படி, 8 சதவீதம் பேருக்குப் பல்லைத் தாங்கும் திசு மளமளவென்று அழிந்தது, 81 சதவீதம் பேருக்கு மிதமாக அழிந்தது, 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு சரி, அதற்கு மேல் நோய் போகவே இல்லை. தாத்தா அந்தப் பதினொன்றில் ஒருவர், அவ்வளவுதான். பேரன் எதில் இருக்கிறார் என்பது அவருடைய எக்ஸ்ரேயைப் பார்த்தால் தெரியும், பெரும்பாலும் தாத்தா பக்கம் இருப்பதில்லை. ஒரு கூலி ஆளைப் பார்க்க மருத்துவர் வராத தோட்டத்துக்கு ஆய்வாளர்கள் மட்டும் கருவியோடு திரும்பத் திரும்ப வந்துபோனார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கசப்பாகவும் இருக்கும், ஆனால் ஈறு நோயைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் பாதி அந்த மனிதர்களின் வாயிலிருந்து வந்தது.

எல்லாருக்கும் நூல்தான் என்றில்லை

ஈறு இறங்கி இடுக்கு அகலமாகத் திறந்திருக்கும் வாயில் நூல் வீண்வேலை. பல்லின் வேர்ப் பக்கம் குழிவாக இருக்கும், இழுத்துப் பிடித்த நூல் அந்தக் குழியைத் தொடாமல் மேலாகப் போய்விடும். அங்கே சின்னச் சின்ன முடிகள் உள்ள பல்லிடுக்கு பிரஷ்தான் சரி, காக்ரேன் தொகுப்பும் நூலைவிட அது மேலாக இருக்கலாம் என்றுதான் சொல்கிறது. ஐம்பதைத் தாண்டியவர்களில் நிறையப் பேருக்கு நான் நூலைப் பற்றிப் பேசுவதே இல்லை. எந்த இடுக்குக்கு எந்த அளவு என்று பிரஷை நானே விட்டுப் பார்த்து, அளவின் நிறத்தைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன். பல் கட்டியவர்கள், கிளிப் போட்ட பிள்ளைகள், இவர்களுக்கு நூலை ஊசியில் கோப்பது மாதிரி கோத்து அடியில் விட ஒரு வளையம் கிடைக்கிறது, தனிப் பாடம். பக்கவாதம் வந்து ஒரு கைதான் வேலை செய்கிறது என்றால் பிடி வைத்த ஃபிளாஸ் பிக் போதும், புத்தகம் என்ன சொன்னாலும். சின்னப் பிள்ளைகளுக்குப் பால் பற்கள் நெருங்கி ஒட்டி நின்றால் அம்மாவோ அப்பாவோதான் செய்துவிட வேண்டும். பிள்ளையை மடியில் சாய்த்து, தலைப் பக்கமிருந்து. இதையும் அவர்கள் கையில் நூலைக் கொடுத்து, பிள்ளை அழ அழ, என் எதிரிலேயே ஒரு இடுக்கு செய்ய வைக்கிறேன்.

அந்த மென்பொருள்காரரும் நேரில் வந்தார். நான் தயார் செய்து வைத்திருந்த வாதம் எதையும் எடுக்கவில்லை, நூலை நீட்டினேன். இருபது நிமிஷம் ஆனது, அதில் முக்கால்வாசி நழுவிய நூலைத் திரும்பச் சுற்றுவதில் போனது. இன்னும் ஆதாரத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், அது நல்லதுதான். ஈறு முன்னைவிடப் பரவாயில்லை.

இதில் எனக்கு விடை கிடைக்காதது காசு விஷயம். ஸ்கேலிங்குக்கு இவ்வளவு, அடைக்க இவ்வளவு, பிடுங்க இவ்வளவு என்று வாங்கத் தெரிகிறது. இருபது நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பதற்கு என்ன விலை போடுவது? இலவசமாகச் செய்தால் வெளியே காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்து நானே அவசரப்படுகிறேன். காசு வாங்கினால் ஒரு வேளை ஒழுங்காகக் கற்றுக்கொள்வார்களோ என்றும் தோன்றுகிறது. ரசீதில் தனியாக ஒரு வரி சேர்க்கலாமா என்று வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் கேட்டேன். "எக்ஸ்ரேக்கே பேரம் பேசுறாங்க மேடம், நூல் விட்டுக் காமிச்சதுக்கெல்லாம் காசு கேட்டா என்னையத்தான் திட்டுவாங்க" என்றாள்.